பதினோரு அடி

உணவறைக்குப் பின்னால் எனக்கொரு சிற்றறை கொடுத்தார்கள்.
ஜன்னலில் ஈரி ஏரி, உறைந்தும் உறையாமலும்.
சுவரோரம் அட்டைப் பெட்டிகளில்
இந்த வார்ப்பாலையை விட்டுப் போனவர்கள்,
அகர வரிசையில்.

சட்டத்துக்கு வாய்த்த சுருக்கப் பெயர் கோப்ரா.
நல்ல பாம்புதான்.
வேலை போன கையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடாமல்
பதினெட்டு மாதம் படம் விரித்துக் குடை பிடிக்கும்,
முழுத் தவணையும் அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டும்
நீங்களே கட்டினால்.
கட்டுவதற்கு முதலில்
கட்டலாம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னார்களா என்று பார்ப்பது என் உத்தியோகம்.

நாற்பத்து நான்கு நாள் கெடு.
வேலை முடிந்த தேதியில் ஒரு விரல்,
கடிதம் போன தேதியில் இன்னொரு விரல்,
நடுவில் இருப்பதை எண்ணுகிறேன்.
முப்பத்தொன்று. சரி.
நாற்பது. சரி.
நாற்பத்து மூன்று. பிழைத்தார்கள்.
காப்பி கொண்டுவந்து வைத்த ட்ரூடி ஹாக்
போகாமல் நின்று என் விரல்களையே பார்க்கிறார்.
இருபத்தாறு வருடமாக இதே மேசை அவருக்கு.

பதினேழாவது கோப்பு.
லெஸ்டர் வொய்டாக், அச்சுப் பிரிவு, மார்ச் மூன்றோடு முடிந்தது.
கடிதம் ஏப்ரல் எட்டு. முப்பத்தாறு நாள்.
நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது:
முடிவு சொல்ல அறுபது நாள், தவணைத் தொகை,
மனைவி ரொவீனாவின் பெயர் தனியாக,
கையெழுத்துக்குக் கோடு.
இது அலுவலக நகல். போன கடிதம் பின்னாலேயே இருக்கிறது,
பிரிக்காத உறையோடு.
மேலே அஞ்சலகத்தின் மஞ்சள் ஒட்டு:
அனுப்பியவருக்கே.

கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத்தான் அனுப்பினோம்
என்றார் ட்ரூடி.
சட்டமும் அவ்வளவுதான் கேட்கிறது.
கதவைத் தட்டிக் கையில் கொடு என்று கேட்பதில்லை.
சரி என்று எழுதியும் விட்டேன்.

மூடப் போனால்
அட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு இன்னொரு தாள்.
திருப்பித் தராத பாதுகாப்புக் காலணிக்காக
நாற்பத்தாறு டாலர் உடனே அனுப்பவும்.
மார்ச் பத்தொன்பது. அதே ஆள்.
வேறு தெரு.
கூடவே குத்தியிருந்தது அவருடைய காசோலை நகல்.
கட்டிவிட்டார்.

சம்பளப் பிரிவுக்குத் தெரிந்த வீடு
காப்பீட்டுப் பிரிவுக்குத் தெரியவில்லை.
எழுந்து போய் அளந்தேன்,
குதிகாலோடு பெருவிரல் சேர்த்து.
இரண்டு மேசைக்கும் நடுவே பதினோரு அடி,
ஒரு செடித்தொட்டி உட்பட.

அறிக்கையில் இதற்குக் கட்டம் உண்டு.
ஏப்ரல் பதினாறிலிருந்து இன்று ஜனவரி ஒன்பது வரை
இருநூற்று அறுபத்தெட்டு.
நாளொன்றுக்கு இவ்வளவு என்று பிறகு யாரோ பெருக்குவார்கள்.
அந்த நாள்களில் ரொவீனாவுக்கு என்ன ஆயிற்று என்பதற்குக்
கட்டம் இல்லை.
தொலைபேசிக் குறிப்பேட்டில் மட்டும், மே மாதத்தில்,
ட்ரூடியின் உருண்டை எழுத்தில் இரண்டு வரி:
வொய்டாக் மனைவி. கார்டு செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்களாம்.
திரும்ப அழைக்கணும்.

மற்ற வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் டிக் இருந்தது.

ட்ரூடியும் குனிந்து படித்தார்.
"அந்த வாரம் நான் லீவு" என்று தொடங்கி
குறிப்பேட்டில் தன் எழுத்தையே பார்த்து
"இல்லை, இங்கேதான் இருந்தேன்" என்றார்.
அதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.
எழுதிக்கொள்ளுங்கள் என்றார்,
என் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு. பாதி குடித்திருந்தேன்.

'சரி' என்ற சொல்லை அடித்தேன்.
அடித்தது தெரியும்படி ஒற்றைக் கோடு,
பக்கத்தில் என் முதலெழுத்து, தேதி.
விதி அப்படி.

பதினெட்டாவது கோப்பு.
முப்பத்தெட்டு நாள்.
எழுதுமுன் அட்டையின் அடியை
விரலால் தடவிப் பார்க்கிறேன்.